வலை இல்லாத போர்டு

"யோவ், வெளிய வாரும்!"

குற்றாலம் ரோட்டில், பெயிண்டர் குமரகுருவின் கொட்டகை வாசலில் நின்று கத்தினாள் ஷெர்லின். சீசனுக்குத் தென்காசியில் கூடாரம் போட்டிருக்கிற சர்க்கஸில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவுகிறவள். கூடவே அவள் புருஷன் ரவி. எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவளைப் பிடிக்கிறவன்.

"பஸ் ஸ்டாண்டு சர்க்கஸ் போர்டுல என் மூக்குத்தியக்கூட விடாம வரையத் தெரிஞ்சுதுல்லா? எனக்குக் கீழ இருக்க வலை எங்கேய்யா?"

குமரகுரு பிரஷைக் கீழே வைத்தார்.

"நேத்து ஆட்டம் பாக்க வந்தவன்லாம் ஒரே கலாட்டா. 'போர்டுல வலை இல்ல, இங்கன மட்டும் எதுக்கு வலை? ஏமாத்துதியளா?'ன்னு நாற்காலியத் தூக்கி அடிக்கான். இன்னைக்கு ஆறு மணி ஆட்டத்துக்கு வலையக் கழட்டுன்னுட்டாரு மேனேஜர். கை நழுவுச்சுன்னா நான் சட்னி, தெரியுமா?"

"போர்டுல வலை வந்துட்டா?"

"வந்துட்டா கீழயும் கட்டுவாரு. அவரு கால்ல விழாத குறையா கேட்டுட்டு வாரேன்."

"நாலு மணிக்குள்ள வரைஞ்சிருதேம்மா."

"முதல்லயே வரையதுக்கு என்ன கேடு? படம் அழகா இருக்கணும், எவ செத்தா உமக்கென்ன! உம்ம வீட்டுப் பொம்பளைய இப்படித் தொங்கவிட்டு வரைவீரா?"

ரவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எட்டி குமரகுருவின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"என் பொண்டாட்டி உயிரு உமக்கு வெளையாட்டாப் போச்சா? நீரெல்லாம் ஒரு மனுஷனா வே?"

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். "நாலு சாத்து சாத்துனாத்தான் புத்தி வரும்" என்றார் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்த ஒருவர். நியாயம்தானே? அறுபது வயசு ஆளுக்கு இதுகூடவா தெரியாது?

"தப்புதான்" என்றார் குமரகுரு, ரவியைப் பார்த்து.

ரவி சட்டையை விட்டான். ஷெர்லின் வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான்.

உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள் குமரகுருவின் மனைவி முருகம்மாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்திய? வலையோடதான வரைஞ்சிய! 'வலை தெரிஞ்சா எங்க கெத்து போயிரும் அண்ணாச்சி, நீல பெயிண்ட்ட அடிச்சு மறைச்சிருங்க'ன்னு இங்கன வந்து கெஞ்சுனது அந்த ரவிப்பயதான? அவன் உங்க சட்டையப் பிடிக்கான், நீங்க சும்மா நிக்கிய! எனக்கு வயிறு எரியுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே செருப்பக் கழட்டியிருப்பா!"

"கழட்டியிருப்பா. எனக்கும்தான் அவன ஒரு அறை விடணும்னு வந்துச்சு."

குமரகுரு வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் ஏணியையும் எடுத்தார்.

"ஏட்டி, ஆறு மணிக்கு அந்தப் பிள்ளை அந்தரத்துல நம்பித் தாவ வேண்டியது அவன் கையத்தானட்டி."