முதல் இடி

கடகடவென்று ஓர் இடி. மறுநொடியே கோவிந்தசாமியின் கணினித் திரை இருண்டது. அதில் தெரிந்த அறுபது முகங்களும் ஒரேயடியாகக் காணாமல் போயின.

அவர் பேசிக்கொண்டிருந்த தலைப்பு: ‘இடி, மின்வெட்டிலிருந்து வீட்டுக் கணினியைக் காப்பது எப்படி?’ ஃபேரர் பார்க்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் குடியிருப்போர் குழு, ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனான அவரை முதன்முறையாக ஸூமில் பேச அழைத்திருந்தது. பேச்சு எடுபட்டால் மாதாமாதம் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையில் ஒரு வாரமாக மனிதருக்குத் தூக்கமே இல்லை.

மேலே மின்விசிறி ஜாம்ஜாமென்று சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போகவில்லை. அப்படியென்றால் இடி நேராக அவருடைய கணினியைத்தான் தாக்கியிருக்கிறது!

ஆபத்துக்கு உதவ வேண்டிய யூபிஎஸ் பெட்டி, சந்தனப் பொட்டோடு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. கேமராவில் அழகாகத் தெரியட்டும் என்று அதைக் கழற்றி எடுத்துவந்தவரும், திரைச்சீலைகளை இழுத்துவிட்டவரும் சாட்சாத் அவரேதான்.

கைப்பேசி அலறியது. தஞ்சோங் பகார் ஆபீஸிலிருந்து பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஃபஹத்.

“என்ன அண்ணே, மூணாவது ஸ்லைடுக்கு வந்தீங்க, இடி இடிச்சது, ஆளையே காணோம்! உங்க கம்ப்யூட்டருக்கே இந்தக் கதியா?”

“எல்லாரும் சிரிக்கிறாங்களா தம்பி?”

“சிரிக்கல லா. நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்குறாங்க.”

கோவிந்தசாமிக்கு மானமே போய்விட்டது. “மூணாவது ஸ்லைடுல உங்களுக்கே ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்பா” என்று, ஸ்லைடுகளைத் தயாரித்துக் கொடுத்த மகள் இனியா வேறு சொல்லியிருந்தாள். காது கொஞ்சம் மந்தம் என்று ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துக் காத்திருந்தும், அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அறையிலிருந்த பிளக் பாயிண்ட்டை இரண்டு வருஷமாக ‘நாளைக்குச் சரிபண்ணுகிறேன்’ என்று சொல்லிவந்ததால், கணினியின் ஒயர் ஹால்வரைக்கும் நீண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். அங்கே மனைவி கமலா, கையில் பிளக்கோடு பெருமையாக நின்றிருந்தாள்.

“காலையில பேசிப் பாத்தப்ப சொன்னீங்கல்ல, முதல் இடி கேட்டதுமே யாரையும் கேக்காம பிளக்கைப் பிடுங்கணும்னு? பிடுங்கிட்டேன்!”

முப்பது வருஷ இல்லறத்தில் கமலா அவர் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்டதுதான் கேட்டாள், ஒருநாள் தள்ளிக் கேட்டிருக்கக் கூடாதா?

ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் கழியில் அவள் போட்ட துணிகள் சுள்ளென்ற வெயிலில் மொறமொறவென்று காய்ந்துகொண்டிருந்தன. கமலா அவற்றையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஏங்க, இடி ஏன் உங்க ரூமுக்குள்ளேருந்து வந்துச்சு?”