பட்டியலில் காணாத பெயர்

ஆய்வேட்டு வரைவின் கடைசிப் பக்கங்களை இரண்டாவது முறையாகப் புரட்டிய பேராசிரியர் அசோக்குமாரின் முகம் கடுகடுத்தது. எதிரே நின்றிருந்தாள் தமிழ்வாணி. நிபுணர் என்று வந்திருக்கும் அவர் இன்று கையெழுத்துப் போட்டால்தான் நாளை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். நாளை தவறினால் ஆறு வருட உழைப்பும் அம்போதான்.

எங்கேயாவது காப்பி அடித்திருக்கிறாயா என்று நெறியாளர் கனகலட்சுமி காதோரம் கேட்டார். சத்தியமாக இல்லை என்றாள்.

மேற்கோள் பட்டியலைத் தயாரித்தது யார் என்றார் அசோக்குமார். சாஃப்ட்வேர் என்றாள். படித்த கட்டுரைகளை எல்லாம் அதில் ஏற்றிவிட்டால், ஆங்கில எழுத்து வரிசையில் அதுவே அடுக்கிவிடும். அவளுடைய சொந்தக் கட்டுரையைக்கூட 'வீரணன், டி.' என்று அப்பா பெயரில்தான் அடுக்கி வைத்திருந்தது. திருத்த நேரமில்லாமல் விட்டிருந்தாள்.

அசோக்குமார் வரைவை மேஜையில் போட்டார்.

"ஏ எழுத்துல எம்பேரே இல்லையேம்மா. ஆனையூர்ப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியில உப்பு ஏறுனதை முதமுதல்ல அளந்தவனே நான்தான். என்னைய விட்டுட்டு என்ன ஆராய்ச்சி பண்ணுனீங்க?"

அவள் அவசரமாக லேப்டாப்பில் தேடினாள். அசோக்குமார் என்ற பெயரில் ஒரு கட்டுரைகூட இல்லை. இம்மாம்பெரிய ஆளையா கோட்டைவிட்டேன் என்று மறுபடியும் தேடினாள். கனகலட்சுமி ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு வருஷம் போகட்டும், ஒழுங்காகப் படித்துவிட்டு வரட்டும் என்று சொல்லிக்கொண்டே அசோக்குமார் பேனாவை மூடினார்.

தமிழ்வாணி லேப்டாப்பை மூடப் போனாள். ஆனாலும் ஏதோ உறுத்தியது. ஆனையூர்க் கிணற்று உப்பை அவள் படித்திருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்பது இடங்களில் எடுத்துக் காட்டியும் இருக்கிறாள். ஆனால் அதை எழுதியவர் வேறு யாரோ ஆயிற்றே.

பட்டியலில் 'கே' வரிசைக்குப் போனாள். அங்கே இருந்த பெயரைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் எழுந்துவிட்டார்.

"சார், உங்கப்பா பேரு கண்ணுச்சாமிங்களா?"