இருபத்திரண்டு நிமிடம்

மாரா ஆற்றங்கரைச் சுற்றுலா முகாமில் அன்று மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நகுருவில் நகைக்கடை வைத்திருக்கும் வங்கேச்சி, வெறும் கழுத்தோடு. முகாம் மேலாளர் சிமாலோய், சாவிக்கொத்தோடு. சமையல்காரர் பராசா, கரண்டியோடு. கிசுமுவிலிருந்து வந்த ஒச்சோலா, பைனாகுலரோடு. எதிர்க்கரையில் பத்தாயிரம் வில்டபீஸ்ட் மாடுகள், எந்த யோசனையும் இல்லாமல்.

வழிகாட்டி சன்காவ் மட்டும் ஒரு ஜீப்போடு ஆற்று வளைவில் காத்திருந்தான்.

ஒச்சோலா உகாலிக் களியை உருட்டினான், வாயில் போடவில்லை. நாளைக் காலை அவன் கிளம்ப வேண்டும். வருடா வருடம் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் மாடுகள் இன்று இறங்காவிட்டால் இந்த வருடம் அவ்வளவுதான்.

"இன்னைக்கு நிச்சயம் இறங்கும். பன்னிரண்டரைக்கு மேல" என்றான்.

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க. முந்தா நாளும்" என்றார் பராசா. "மாட்டுக்கே தெரியாதுங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து கழுகு இல்ல. இன்னைக்குப் பாருங்க, வானம் பூரா கழுகு. முன்னால நிக்கிற கிழட்டு மாடு மூணு தடவ தண்ணி வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு."

வங்கேச்சி சிரித்தாள். "நீங்கதான் ஏற்கெனவே மூணு தடவ பார்த்தாச்சே. அப்புறமும் இவ்ளோ பரபரப்பா? சொல்லுங்க, போன வருஷம் எப்படி இருந்துச்சு?"

"ஆகஸ்ட் பத்தொன்பது. பதினொண்ணே கால் மணி. இருபத்திரண்டு நிமிஷம்."

"நான் என்ன பஸ் டைமா கேட்டேன்? எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

ஒச்சோலா கொஞ்சம் யோசித்தான்.

"நல்லா இருந்துச்சு."

பராசாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. சிமாலோய் மட்டும் சிரிக்கவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் சாவிக்கொத்தைச் சமையல் கூடாரத்துக் கம்பத்தில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு ரேடியோ கரகரத்தது. சன்காவின் குரல்.

"இறங்கிடுச்சு! வளைவுகிட்ட! சீக்கிரம் வாங்க, சீக்கிரம்!"

ஒரே ரகளை. நாற்காலி கவிழ்ந்தது. பராசா கரண்டியோடு ஓடினார். வங்கேச்சி ஒரு காலில் மட்டும் செருப்போடு இன்னொரு ஜீப்பில் ஏறினாள். "வாங்க ஒச்சோலா!" என்று சிமாலோய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்தினாள்.

"தொப்பிய எடுத்துட்டு வரேன். போங்க, பின்னாலயே ஓடி வரேன்!"

ஜீப் புழுதிக்குள் மறைந்தது. முகாமில் ஈ காக்கை இல்லை.

ஒச்சோலா தொப்பியை எடுக்கப் போகவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். சந்தோஷத்தில் இரண்டு அடி ஆடக்கூடச் செய்தான்.

மூன்று வருடமாக இதுதான் தொழில். மாடுகள் ஆற்றில் இறங்கிவிட்டால் மாராவில் ஒருத்தரும் முகாமில் இருக்கமாட்டார்கள், காவல்காரன்கூட ஓடிவிடுவான். குறைந்தது இருபது நிமிடம் கையில் இருக்கும். மூன்று வருடம், மூன்று முகாம், மூன்று பணப்பெட்டி. மாடுகளின் நேரத்தை அவனைப்போலக் கணித்தவன் இல்லை. என்ன, ஒவ்வொரு முறையும் வேலையாக இருந்ததால் அவை கடப்பதை மட்டும் பார்த்ததே இல்லை. அந்த முகாம்கள் ஆற்றிலிருந்து வெகுதூரம் வேறு. கரையிலேயே இருக்கிற முகாமில் வேலை செய்வது இதுதான் முதல் தடவை.

எல்லாம் கூடாரமாக இருந்த இடத்தில் அலுவலகம் மட்டும் பழைய கப்பல் கன்டெய்னர். இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனான். வங்கேச்சியின் நீலக்கல் மாலை மூன்று நாளாக மூலையில் இருந்த பணப்பெட்டியில்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினான்.

பெட்டி காலி.

"மாலை என் கழுத்துல இருக்கு" என்றது வாசலில் ஒரு குரல். வங்கேச்சி நின்றிருந்தாள், இப்போது இரண்டு காலிலும் செருப்போடு. பக்கத்தில், ஜீப்பைப் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டு நடந்து திரும்பியிருந்த சிமாலோய். பின்னால், காலையிலிருந்து பராசாவின் கூடாரத்துக்குள் ஒளிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு போலீஸ்காரர்கள்.

"மாடு இறங்குச்சுன்னு..." ஒச்சோலா திக்கினான்.

"ஒண்ணும் இறங்கல. சன்காவைச் சும்மா சொல்லச் சொன்னேன்" என்றாள் சிமாலோய். "மூணு வருஷமா மாடு இறங்கறப்பதான் ஏதாவது ஒரு முகாம்ல பெட்டி காலியாகுது, அதான் போலீச முன்னாலயே வரவழைச்சேன். மாடு இறங்கினா இந்த இரும்புக் கன்டெய்னரே அதிரும். ஒரு தடவ பார்த்தவன்கூட அந்தச் சத்தத்ததான் முதல்ல சொல்லுவான். நீ மணியச் சொன்ன. போன வருஷம் திருட்டு நடந்த முகாம்ல பெட்டி காலியான மணி."

கான்ஸ்டபிள் கிலோன்ஸோ விலங்கை மாட்டி அவனை வெளியே இழுத்து வந்தார். பத்து அடி நடந்திருப்பார்கள்.

தரை அதிர்ந்தது.

முதலில் இடி மாதிரி. பிறகு இடி நிற்காத மாதிரி. பத்தாயிரம் தொண்டைகள் ஒன்றாக முனகின. கரை முழுக்கப் புழுதி எழுந்தது. ரேடியோவில் சன்காவ் அலறினான்: "இப்ப நெசமாவே! அக்கா, சத்தியமா நெசமாவே!"

சிமாலோய் ஓடினாள். இரண்டாவது போலீஸ்காரர் ஓடினார். வங்கேச்சி ஓடினாள், செருப்பு இரண்டும் கழன்று பின்தங்கின. பராசா இன்னும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பார்த்தீங்களா, பன்னிரண்டரைக்கு மேலன்னு சொன்னேன்ல!" ஒச்சோலா குதித்தான். "சார், விலங்கோடயே வரேன் சார். மூணு திருட்டையும் ஒத்துக்கறேன், எங்க வேணா கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு தடவ பார்த்துக்கறேன் சார்!"

"உன்னப் பிடிச்சுக்கிட்டு நின்னா நான் எப்படிய்யா பார்க்கறது?" என்றார் கிலோன்ஸோ.

ஏழு வருடம் மாராவில் வேலை பார்த்தும் ஒரு தடவைகூட அதைப் பார்த்திராத அந்த மனிதர், ஒச்சோலாவைக் கன்டெய்னருக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, தொப்பி பறக்க ஆற்றை நோக்கி ஓடினார்.