மஞ்சள் கோட்டுக்குக் கீழே

"பாப்பா, முட்டியை மடக்காம நேரா நில்லு. இந்த வித்தையெல்லாம் நான் தினமும் பாக்கறேன்."

டிசம்பர் கடைசி ஞாயிறு, காலை. மிருகக்காட்சிசாலை வாசல். டிக்கெட் கவுண்டரை ஒட்டி, பலகையில் வெட்டி வர்ணம் பூசிய ஒட்டகச்சிவிங்கி ஒன்று நின்றது. அதன் கழுத்துக்குக் குறுக்கே மஞ்சள் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் சும்மா போகலாம். தாண்டிய பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். அதைக் காட்டினால் உள்ளே மேடையேறி, நிஜ ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை ஊட்டலாம்.

சிறுமி முட்டியை நீட்டினாள். உச்சந்தலை கோட்டைத் தாண்டியது. அவள் முகம் சுருங்கியது.

"பிள்ளைக்கு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க," என்று டிக்கெட்காரர் சிரித்தார்.

"நாங்க சொல்லிக் கொடுக்கல," என்றார் அப்பா. "நாலு டிக்கெட் குடுங்க. பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு."

"பையனுக்கு எதுக்கு சார்? பாத்தாலே தெரியுதே. சும்மா கூட்டிட்டுப் போங்க."

"இல்ல. அளந்து சொல்லுங்க."

டிக்கெட்காரருக்கு இது புதிதாக இருந்தது. அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பையன் பலகையில் முதுகை ஒட்டி நின்று செருப்பைக் கழற்றப் போனான்.

"கழட்டாதே, போட்டுக்கிட்டே நில்லு," என்றார் அப்பா.

ஸ்கேலைத் தலைமேல் படுக்க வைத்தார் டிக்கெட்காரர். கோட்டுக்கு ஒரு விரல் அகலம் குறைந்தது.

"கொஞ்சம் எக்கு கண்ணா."

"என்ன சார் இது! எல்லாரும் பிள்ளையைக் குனிய வைப்பாங்க. நீங்க எக்கச் சொல்றீங்க!"

வரிசையில் பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "சீக்கிரம் முடிங்கப்பா. நாங்க உள்ள போறதுக்குள்ள சிங்கம் ரிட்டயர் ஆயிடும்."

வரிசை சிரித்தது. பையனும் சிரித்தான். சிரித்தபடியே கையைத் தூக்கி மஞ்சள் கோட்டைத் தடவிப் பார்த்தான். சட்டைக் கை மேலேறியதில், தோளுக்குக் கீழே நீலமாய்க் கன்றிய ஊசிப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா சட்டையை இழுத்துவிட்டாள்.

அப்பா பலகையின் ஓரத்தில் குனிந்து எதையோ தேடினார். வர்ணத்தில் சாவியால் கீறிய சின்னக் கீறல்.

"போன டிசம்பர்ல இவன் நின்ன உயரம். நான்தான் கீறினேன். இதுக்கு மேல வந்திருக்கானா, அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. கண்ணா, இப்ப செருப்பைக் கழட்டு."

பலகையைக் கீறியதற்குத் திட்ட வாயெடுத்த டிக்கெட்காரர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஸ்கேலை வைத்தார். ஸ்கேலும் கீறலும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"அப்படியேதான் இருக்கு சார்."

"இன்னொரு தடவை பாருங்க. தலைமுடி அமுங்கியிருக்கும்."

"போதும், வாங்க," என்றாள் அம்மா.

"நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்றது?"

"அவர் போன மாசமே சொல்லிட்டாரு, ஊசியை நிறுத்திடலாம்னு. நீங்கதான் காதுல வாங்கல."

அப்பா கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். டிக்கெட்காரருக்கு மனசு கேட்கவில்லை. பையன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இதுக்குப் போயா இவ்வளவு கவலை! பிள்ளைங்க கொஞ்ச நாள் அப்படியே நிக்கும், அப்புறம் ஒரேயடியா வளரும். அடுத்த வருஷம் நீயும் அக்கா மாதிரி தாண்டிடுவே, பாரேன்."

சிறுமி அம்மாவின் பின்னால் நகர்ந்தாள்.

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னீங்க அங்கிள்," என்றான் பையன். குரலில் புகார் இல்லை.

அப்பா பணத்தை நீட்டினார். "நாலு டிக்கெட்டாவே குடுங்க."

"வேணாம்பா," என்றான் பையன். "மேடைகிட்டயும் இதே மாதிரி ஒரு கோடு இருக்கு. அங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

சிறுமி அவன் செருப்பை எடுத்து வந்தாள். கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அவன் காலில் மாட்டிவிட்டாள். வார் சரியாக விழும்வரை அவள் நிமிரவில்லை.

"அண்ணா, நான் வேணும்னு தாண்டல. முட்டியை மடக்கிட்டுத்தான் நின்னேன்."

டிக்கெட்காரர் மூன்று டிக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார்.