இதயாவின் பாடத்தாள்

எந்தப் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எது தேவைப்படுமோ அதை மட்டும்தான் பள்ளிக்கூடத்து மெஷின் பாடமாகப் போடும். இரண்டாம் வகுப்பின் கோடைப் பருவத்துக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பாடு வந்திருந்தது. இதயாவின் தாளில் மட்டும் பட்டம் விடுவது, கடல் பார்ப்பது.

அப்பன் முருகானந்தத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடம் போனான்.

"என்ன டீச்சர், என் பொண்ணு மட்டும் மக்கா? வாய்ப்பாடு தெரியாம நாளைக்கு எப்படிப் பிழைப்பா?"

லூர்து டீச்சர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கடலுக்கு ஸ்கூல்ல ஏப்ரல் கடைசியிலதான் போவோம் சார். அதுவரைக்கும் தள்ளி வைக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமையே நீங்க கூட்டிட்டுப் போயிருங்க."

திரும்பும்போது மகள் கேட்டாள்: "எனக்கு வாய்ப்பாடு கிடையாதாப்பா?"

"யாரு சொன்னா?" என்று அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு..."

வீடு போய்ச் சேர்வதற்குள் பதினாறாம் வாய்ப்பாடு வரை சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு அவசரம்.