கோட்டைக்கு ஒரு எதிர் ஓட்டு

"படம் நல்லா இருக்கலாம்மா. ஆனா நம்ம பார்க்குக்குச் சரிப்படாது" என்றார் நட்டு சார், மூன்றாவது கூட்டத்திலும்.

திட்ட அதிகாரிக்குத் தலை கிறுகிறுத்தது.

ஆறு மாதம் தியேட்டரை விட்டு இறங்காத படம் அது. அதில் வரும் கோட்டையைப் பொழுதுபோக்குப் பூங்காவில் அப்படியே எழுப்பிவிட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. பொருந்துமா, பொருந்தாதா என்று அறிக்கை எழுத வேண்டியது அவள் வேலை. குழுவில் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள், பாதுகாப்பு ஆய்வாளர் நட்டு சார் ஒருவரைத் தவிர. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது.

இருபது வருஷமாக ராட்டினங்களின் நட்டுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தே அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"சார், முதல் கூட்டத்துல சண்டை ஜாஸ்தின்னீங்க. எடுத்துட்டோம். அடுத்த கூட்டத்துல, கோட்டைன்னா பாசி பிடிக்கும், வழுக்கும்னீங்க. அது ஃபைபர் கோட்டை சார்! இன்னிக்கு என்ன?"

"ரெண்டு வருஷத்துல ஜனங்க படத்தை மறந்துடுவாங்க."

"சரி, நீங்க படம் பார்த்தீங்களா?"

நட்டு சார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"இல்லை."

கணக்கு மேலாளர் களுக்கென்று சிரித்துவிட்டார்.

"பார்க்காமலே எப்படி சார் சரிப்படாதுங்கறீங்க?" என்றாள் அவள்.

"அந்தக் குதிக்கிற காட்சியை மட்டும் எடுத்துடுங்கம்மா. மத்ததுக்கெல்லாம் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவளுக்கு இன்னும் குழம்பியது. படத்துக்கு உயிரே அந்தக் காட்சிதான். கதாநாயகன் கோட்டை உச்சியிலிருந்து குதிப்பான். திறந்தவெளியில் பெரிய திரை கட்டி அதை ஓட்டுவதாகத் திட்டம். அவன் குதிக்கும்போது, எதிரே ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளும் சரேலென்று கீழே இறங்கும்.

"நாற்காலியில ஏதாவது ஆபத்து இருக்கா சார்?"

"சாம்பிள் நாற்காலியைத் தட்டிப் பார்த்துட்டேன், கல்லு மாதிரி இருக்கு. அதுல ஒரு குறையும் இல்லை."

"பின்னே?"

"வேண்டாம்னா விட்டுடுங்களேன்" என்று எழுந்து போய்விட்டார்.

கணக்கு மேலாளர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதே இடத்துக்கு அந்த விண்வெளிப் படக்காரங்களும் போட்டி போடறாங்க, தெரியுமில்ல? நட்டு சாரோட மச்சான் அங்கேதான் வேலை பார்க்கறார். நான் ஒண்ணும் சொல்லலை. நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

கூட்டிப் பார்த்தாள், கழித்தும் பார்த்தாள். காண்டிராக்டர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடாத மனுஷன் அவர். அவரா? ஆனால் வேறு காரணமும் பிடிபடவில்லையே! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

கடைசியில் அறிக்கையில் எழுதியேவிட்டாள்: 'ஆய்வாளரின் எதிர்ப்புக்குச் சரியான காரணம் இல்லை. உள்நோக்கம் இருக்கலாம்.'

முதலாளியிடம் கொடுப்பதற்கு முன், திரை வரப்போகும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வாசல் பக்கம் போனாள். டிக்கெட் கவுண்டருக்கு நேர் எதிரே இருந்தது அந்த வெற்றிடம்.

கவுண்டரில் கூட்டம் இல்லை. டிக்கெட் அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன மேடம், கோட்டை வருதா இல்லையா? நட்டு அண்ணன் வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நிக்கறாராமே?"

"அதை ஏன் கேக்கறீங்க அக்கா! காரணத்தையும் சொல்ல மாட்டேங்கறார்."

"சொல்ல மாட்டார் மேடம். எனக்காகத்தான்."

"உங்களுக்காகவா?"

அக்கா டிக்கெட் கட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கோட்டை மேலேருந்து குதிச்சது ஹீரோ இல்லை. அவருக்குப் பதிலா குதிச்சது என் வீட்டுக்காரர். ஷூட்டிங்லயே போயிட்டார். அதுக்கப்புறம் இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். யாரும் என்னைப் பரிதாபமாப் பார்க்கக் கூடாது, வெளியே சொல்லிடாதீங்கன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன். இந்த ஜன்னல்ல உட்கார்ந்துக்கிட்டு தினம் தினம் நான் அதைப் பார்க்கணுமேன்னு அவருக்குத் தவிப்பு."

திட்ட அதிகாரிக்குச் சுருக்கென்றது. கையில் இருந்த அறிக்கை கனத்தது. பேனாவை எடுத்து, 'உள்நோக்கம்' என்ற வரியை, எழுத்தே தெரியாதபடி அடித்தாள்.

"மன்னிச்சுடுங்க அக்கா. அந்தக் காட்சி வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"ஐயையோ, எடுத்துடாதீங்க மேடம்!"

ஜன்னல் ஓட்டை வழியாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள் அக்கா.

"என்னக்கா சொல்றீங்க? உங்களால அதைப் பார்க்க முடியுமா?"

"பதினோரு தடவை தியேட்டருக்குப் போயிருக்கேன். பாவம், அண்ணன் படமே பார்க்கலை, அவருக்குத் தெரியாது. முதல் தடவை என் வீட்டுக்காரர் சரியாத்தான் குதிச்சார். எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. அந்த ரெண்டாவது தடவையிலதான்..."

அக்கா எதிரே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள்.

"படத்துல வெச்சிருக்கறது முதல் தடவை எடுத்தது மேடம். அதுல அவர் எழுந்து, மண்ணைத் தட்டிக்கிட்டு, நடந்து போறார்."