ஏன் விக்கிறீங்க?

"இந்த ஓரத்துல பசை தெரியுதே. கிழிஞ்சதை ஒட்டினீங்களா?"

ஸ்பீக்கருக்குள் டார்ச் அடித்தபடியே வாங்க வந்த ஆள் கேட்டார். வந்து ஒரு மணி நேரமாகியும் ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டபாடில்லை.

"அது கம்பெனியிலேயே வெச்ச பசை சார்" என்றான் கியுசிக், நாலாவது தடவையாக.

"சரி. விளம்பரத்துல போட்டதை விடுங்க. நல்லா இருக்கிறதை நிஜமா ஏன் விக்கிறீங்க?"

"கீழ்வீட்டுல இருந்து புகார் மேல புகார் சார். எட்டு மாசமா தொம் தொம்னு சத்தம், தாங்கலைன்னு காவலாளிகிட்ட சொல்லிட்டே இருக்காங்க."

அவர் சிரித்தார். "இந்தச் சுவோன் ஊர்ல பழைய ஸ்பீக்கர் விக்கிற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. போன மாசம் ஒருத்தர் இதே கதையை அளந்தாரு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டா இடது பக்கம் ஊமை!"

கியுசிக் விடுவிடுவென்று சமையலறைக்குப் போய்ப் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் நடந்த நடையில் மேசை மேலிருந்த சாவிக்கொத்து கலகலத்தது. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

கியுசிக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. மூன்று வருட போனஸைச் சேர்த்து வாங்கிய ஸ்பீக்கர்கள். சனிக்கிழமை மதியம் அவற்றின் முன்னால் உட்காரும் இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். அவற்றையே வீட்டு நிம்மதிக்காக விற்கத் துணிந்தால், திருட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

"உண்மையைச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள் மனைவி மிரான். "பூசானுக்கு மாற்றலாகிப் போறோம்னு சொல்லேன். இன்னைக்கு இது போகலைன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். கீழ்வீடு யாருன்னே தெரியாம, லிஃப்ட்ல பார்க்கிறவங்களுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் போட்டே கழுத்து வலிக்குது."

நேரில் போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. சத்தப் புகார் எல்லாம் காவலாளி மூலமாகத்தான். யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்று நிர்வாக அலுவலகம் நோட்டீஸே ஒட்டியிருந்தது.

அடுத்து போனில் வந்தவரிடம் பூசான் கதையை எடுத்துவிட்டான்.

"மாற்றல்னா லாரிச் செலவு கம்பெனிதானே கொடுக்கும்? அப்புறம் ஏன் விக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு அவரும் போனை வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவரோ கோட்டுகூட இல்லாமல் மெல்லிய ஸ்வெட்டரோடு நின்றார்.

"பாட்டுப் போட்டுக் காட்டட்டுங்களா?"

"வேணாம். ஒண்ணொண்ணும் எத்தனை கிலோ?"

"பதினொண்ணு."

பின்பக்கம் திருப்பி, திருகாணி ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். பேரம் பேசவில்லை. கேட்ட பணத்தை அங்கேயே செல்போனில் அனுப்பிவிட்டார். இப்போது கியுசிக்குக்குத்தான் சந்தேகம் வந்தது.

"ஏன் விக்கிறேன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"கீழ்வீட்டுப் புகார்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்களே. நான் நம்புறேன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கார் வரைக்கும் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, ஸ்பீக்கர்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினான்.

லிஃப்டில் அவன் தரைத்தளத்துக்கு அழுத்தினான். அந்த அம்மாள் கையை நீட்டி எட்டை அழுத்தினார். அவன் வீடு ஒன்பதாவது மாடி.

கியுசிக்குக்கு வியர்த்துவிட்டது. இடுப்பு வளையக் குனிந்தான். "அம்மா, மன்னிச்சுக்குங்க! நீங்கதான்னு தெரியாது. இனிமே ஒரு பாட்டுச் சத்தம்கூட வராது."

"பாட்டைப் பத்தி நான் எப்போ புகார் சொன்னேன்? சனிக்கிழமை பாட்டு நல்லாத்தானே இருந்துது. விடியக்காலை அஞ்சு மணியில இருந்து குதிகாலால தரையை இடிச்சிட்டு நடக்கிறீங்களே, அதைத்தான் சொன்னேன்."

கியுசிக் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"அப்போ... இந்த ஸ்பீக்கர் உங்களுக்கு எதுக்கு?"

கதவு திறந்தது. தள்ளுவண்டியை வெளியே இழுத்துக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்:

"உங்க தரையைப் பார்த்த மாதிரி சீலிங்ல மாட்டத்தான்."